ஈயமும் தேன்மெழுகும்: வார்ப்புக் குண்டின் மசகு

ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகிவிடும் உலோகம். தூய நிலையில் நகத்தாலேயே கீறிவிடலாம். அத்தகைய மென்மையான உலோகத்தை எஃகுக் குழலின் ஒரு முனையில் வைத்து, 2,000 டிகிரிக்கும் மேற்பட்ட வெப்பமுள்ள வாயுவால் பின்னாலிருந்து தள்ளி, ஒரு மில்லி வினாடிக்கும் குறைந்த நேரத்தில் மறுமுனை வழியே வெளியேற்றும்போது, அது குழலின் உட்சுவரில் அப்பிக்கொள்ளாமல் தன் வடிவம் கெடாமல் போய்ச் சேர்வதற்குப் பெரிதும் துணை நிற்பது, குண்டின் இடுப்பில் வெட்டப்பட்ட மெல்லிய பள்ளத்தில் அடைக்கப்படும் சிறிதளவு மெழுகும் எண்ணெயும் கலந்த மசகுதான். செம்பு உறை போர்த்திய தொழிற்சாலைக் குண்டுக்கு இந்த மசகு வேண்டியதில்லை. ஆனால் அமெரிக்காவில் இலக்குச் சுடுதலைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்களில் கணிசமானோர் ஈயக் கலவையை உருக்கி வார்த்துத் தாங்களே குண்டு செய்துகொள்கிறார்கள். அவர்களிடையே மசகுக் கலவையைப் பற்றிய ஆராய்ச்சியும் வாதமும் தலைமுறை தலைமுறையாகத் தொடர்கின்றன. அந்த ஆராய்ச்சியின் அடியில் இருப்பது உராய்வியல் என்னும் அறிவியல் துறை. அதாவது ஒன்றோடொன்று உரசும் பரப்புகளையும் அவற்றின் தேய்மானத்தையும் மசகையும் பற்றிய இயற்பியல்.

குழலுக்குள் நடப்பதை எண்களாகப் பார்த்தால் மசகின் பணி எவ்வளவு கடினமானது என்பது விளங்கும். ஜான் பிரவுனிங் வடிவமைத்து 1911-இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட அரைத்தானியங்கிக் கைத்துப்பாக்கியில் பயன்படும் பாயிண்ட் 45 தோட்டாவின் குண்டு ஏறத்தாழ 15 கிராம் எடையுள்ளது. அது வினாடிக்குச் சுமார் 255 மீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது. பதினொரு சென்டிமீட்டர் அளவே உள்ள பயணத்தில் அந்த வேகத்தை எட்ட வேண்டுமானால், அதன் சராசரி முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் 30,000 மடங்காக இருக்க வேண்டும். குழலின் உட்சுவரில் திருகுபோல ஓடும் சுருள் பள்ளங்கள் குண்டைக் கவ்விச் சுழற்றுகின்றன. இந்தச் சுழற்சிதான் குண்டு காற்றில் குப்புற விழாமல் நேராகப் பறக்க உதவுகிறது. பாயிண்ட் 45 குழலில் 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பது வழக்கமான அளவு என்பதால், குண்டு வினாடிக்கு 600 சுற்றுகளுக்கு மேல் சுழல்கிறது. ஜெர்மனியின் கியோர்க் லூகர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கிய 9 மில்லிமீட்டர் தோட்டாவிலோ, பத்து அங்குலத்துக்கு ஒரு சுற்றும் வினாடிக்கு 350 மீட்டர் அளவிலான வேகமும் சேர்ந்து சுழற்சியை 1,300-க்கும் மேலே கொண்டுபோகின்றன. அந்தச் சுழற்சியில் குண்டின் விளிம்பில் உள்ள எந்தப் பொருளும் தன் எடையைப் போல் 30,000 மடங்குக்கு மேற்பட்ட விசையால் வெளியே இழுக்கப்படுகிறது. ஆகவே குழலின் வாயைத் தாண்டியவுடன் மசகு முழுவதும் ஒரே நேரத்தில் சிதறிப் போய்விட வேண்டும். ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டும் மறுபக்கம் உதிர்ந்தும் நின்றால் குண்டின் சமநிலை கெட்டு, இலக்கிலிருந்து விலகும்.

மசகு செய்யும் வேலை உராய்வைக் குறைப்பது மட்டுமன்று. குண்டுக்கும் குழலுக்கும் இடையே எஞ்சும் நுண்ணிய இடைவெளிகளை அடைத்து, வெப்ப வாயு முன்னோக்கிப் பீறிடாமல் தடுக்கும் அடைப்பாகவும் அது பயன்படுகிறது. வாயு அப்படிப் பீறிட்டால், உலோகத்தை வெட்டும் எரிவாயுச் சுடரைப் போலக் குண்டின் ஓரத்தை அரித்து, அரித்த ஈயத்தைக் குண்டுக்கு முன்னால் உள்ள குழற்சுவரில் தெளித்துவிடும். பின்னால் வரும் குண்டு அதைத் தேய்த்துப் பூசிவிட்டுச் செல்லும். ஈயப் படிவு என்று சொல்லப்படும் கோளாறு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. ஈயம் எஃகில் உரசித் தேய்வதுதான் காரணம் என்ற பரவலான கருத்து பாதி உண்மையே. கேம்பிரிட்ஜில் பிலிப் பவுடனும் டேவிட் டேபரும் 1940-களில் நடத்திய ஆய்வுகள், கடினமான எஃகின்மேல் ஈயம், இண்டியம் போன்ற மென்மையான உலோகங்களின் மிக மெல்லிய படலம் இருந்தால் உராய்வு குறைவதைக் காட்டின. எஞ்சின் தாங்கிகளில் ஈயப் பூச்சு பயன்படுவதற்கும் அதுவே அடிப்படை. ஈயம் தன்னளவில் எஃகுக்குப் பகையான உலோகமன்று. அது உருகிப் பற்றவைக்கப்படும் நிலைக்குப் போவதே தொல்லை.

உராய்வியலில் இருவகை மசகு நிலைகளைப் பிரித்துப் பேசுவர். பரப்புகள் ஒன்றையொன்று தொடாதபடி முழுமையான திரவப் படலம் அவற்றைத் தாங்கி நிற்பது ஒன்று. அங்கே முக்கியமானது திரவத்தின் பாகுத்தன்மை, அதாவது ஓடுவதற்கு அது காட்டும் எதிர்ப்பு. படலம் மூலக்கூறு அளவுக்கு மெலிந்து, பரப்புகள் கிட்டத்தட்டத் தொட்டுக்கொள்ளும் நிலை மற்றொன்று. இந்த இரண்டாம் நிலைக்கு எல்லை மசகு என்று பெயர். 1922-இல் வில்லியம் பேட் ஹார்டியும் ஐடா டபுள்டேயும் இதை முறையாக ஆராய்ந்து, கொழுப்பு அமிலங்களைப் போல ஒரு முனை உலோகத்தைப் பற்றிக்கொள்ளவும் மறுமுனை நீண்ட சங்கிலியாக வெளியே நீட்டி நிற்கவும் வல்ல மூலக்கூறுகளே இந்நிலையில் நன்கு பயன்படுகின்றன என்று காட்டினர். வெறும் பாரஃபின் மெழுகைவிடத் தேன்மெழுகும், தனிக் கனிம எண்ணெயைவிட விலங்குக் கொழுப்பும் ஆமணக்கெண்ணெயும் குண்டு மசகில் சிறந்து விளங்கியதற்கான விளக்கம் இங்கே கிடைக்கிறது. குண்டு வார்ப்போர் அனுபவத்தால் கண்டுகொண்ட பல கலவைகள், ஹார்டி காட்டிய இந்தக் கொள்கைக்குப் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன.

இந்த மசகின் வரலாறு இந்திய வரலாற்றோடு பிணைந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பிரான்ஸின் மினியே அறிமுகப்படுத்திய உட்குழிந்த அடியுடைய கூம்புக் குண்டு, குழலைவிடச் சிறியதாக இருந்து எளிதாக உள்ளே இறங்கி, வெடிமருந்து எரிந்ததும் அடிப்பகுதி விரிந்து சுருள் பள்ளங்களில் பதிந்துகொண்டது. அக்காலக் கரிமருந்து எரிந்தால் அதன் எடையில் பாதிக்கு மேல் திடக் கழிவாகவே எஞ்சும். அந்தக் கரி குழலில் இறுகிவிட்டால் சில முறை சுட்ட பிறகு அடுத்த குண்டை உள்ளே இறக்கவே முடியாது. ஆகவே கரியை இளக்கி வைக்கக் கொழுப்பு தடவிய தோட்டா தேவைப்பட்டது. 1853-ஆம் ஆண்டு மாதிரி எனப்பட்ட என்ஃபீல்டு துப்பாக்கிக்காகக் கொழுப்பும் மெழுகும் கலந்து பூசிய காகிதத் தோட்டாக்களைப் பிரிட்டிஷார் உருவாக்கினர். இந்திய வெப்பத்தை அந்த மசகு தாங்குமா என்று சோதிப்பதற்காகவே 1853-இல் ஒரு தொகுதி இங்கு அனுப்பப்பட்டது. கொழுப்பு எந்த விலங்கினுடையது என்பது சிப்பாய்களின் சமய உணர்வைப் புண்படுத்தக்கூடும் என்று கர்னல் டக்கர் அப்போதே எச்சரித்தும் எச்சரிக்கை உரிய கவனம் பெறவில்லை. 1857 ஜனவரியில் டம்டம்மில் பசு, பன்றிக் கொழுப்பைப் பற்றிய செய்தி பரவியது. அதே மாதக் கடைசியில், கொழுப்பில்லாத தோட்டாக்களை வழங்கிச் சிப்பாய்கள் தமக்கு விருப்பமான கலவையைத் தாமே பூசிக்கொள்ளலாம் என்று அரசு ஆணையிட்டது. காகிதத்தைப் பல்லால் கடிக்காமல் கையால் கிழிக்கலாம் என்றும் பின்னர்ப் பயிற்சி முறை மாற்றப்பட்டது. அதற்குள் நம்பிக்கை முறிந்துவிட்டிருந்தது; மே 10-இல் மீரட்டில் கிளர்ச்சி வெடித்தது. கிளர்ச்சிக்கு நிலவரி, அவத் இணைப்பு, படைச் சேவை நிபந்தனைகள் முதலிய ஆழ்ந்த காரணங்கள் இருந்தன என்பதில் ஐயமில்லை. எனினும், வெப்பத்தைத் தாங்குமா என்ற வேதியியல் கேள்வியை முன்கூட்டியே கேட்டவர்கள், அதைக் கையில் எடுப்பவன் என்ன நினைப்பான் என்ற கேள்வியைக் கேட்காமல் விட்டது பெருங்குற்றம் என்றே சொல்ல வேண்டும்.

பிரான்ஸின் போல் வியேய் 1884-இல் புகையில்லா வெடிமருந்தை உருவாக்கியதும் மசகின் வேலை மாறியது. கரியை இளக்கும் தேவை மறைந்தது; ஆனால் அழுத்தமும் வேகமும் ஏறிவிட்டதால் வெறும் ஈயம் துப்பாக்கிக் குழலில் தாக்குப்பிடிக்காமல் போயிற்று. சுவிட்சர்லாந்தின் எடுவார்டு ரூபின் 1880-களில் உருவாக்கிய செம்பு உறையிட்ட குண்டு அதற்கு விடையாகி ராணுவங்களில் நிலைபெற்றது. வேகம் மிதமான கைத்துப்பாக்கிகளிலோ, வெள்ளீயமும் ஆண்டிமனியும் சேர்த்து இறுக்கிய ஈயக் குண்டு, தகுந்த மசகோடு இன்றும் செம்மையாக வேலை செய்கிறது. விலை மலிவு என்பதே பலரை அதன் பக்கம் ஈர்க்கிறது. சக்கரங்களைச் சமன்செய்யக் கார்களில் ஒட்டப்படும் ஈய எடைகளும், நாளிதழ் அச்சகங்களில் லைனோடைப் இயந்திரம் வரிகளை வார்க்கப் பயன்படுத்திய உலோகமும் நெடுங்காலம் அவர்களுக்கு மூலப்பொருளாக இருந்தன. லைனோடைப் உலோகத்தில் 84 விழுக்காடு ஈயமும் 12 விழுக்காடு ஆண்டிமனியும் 4 விழுக்காடு வெள்ளீயமும் இருக்கும். அச்சுத்தொழில் ஆஃப்செட்டுக்கு மாறியதால் அது அரிதாயிற்று. கலிபோர்னியா, வாஷிங்டன் போன்ற மாநிலங்கள் சக்கர எடையில் ஈயத்தைத் தடைசெய்ததால் அதுவும் குறைந்துவருகிறது.

மசகுக் கலவையின் அடிப்படைப் பொருள் இன்றும் தேன்மெழுகுதான். 62 முதல் 64 டிகிரியில் உருகும் அது, நீண்ட சங்கிலி ஆல்கஹால்களும் கொழுப்பு அமிலங்களும் இணைந்த எஸ்டர்களின் கலவை. விரலில் நெகிழும், விரிசல் விடாமல் ஒட்டிக்கொள்ளும். அதைத் தனியே பயன்படுத்தினால் குளிரில் இறுகிவிடும் என்பதால் இளக்கும் பொருள் ஒன்றைச் சேர்க்கிறார்கள். ஆட்டுக் கம்பளியிலிருந்து எடுக்கப்படும் லானோலின், பெட்ரோலியம் ஜெல்லி, ஆமணக்கெண்ணெய் ஆகியவை இவ்வகையின. ஆமணக்கெண்ணெயின் கொழுப்பு அமிலத்தில் ஏறத்தாழ 90 விழுக்காடு ரிசினோலெயிக் அமிலம். அதன் சங்கிலி நடுவே உள்ள ஹைட்ராக்சில் தொகுதி உலோகத்தை இறுகப் பற்றுகிறது. முதல் உலகப் போர்க்கால விமான எஞ்சின்களிலும் ஆமணக்கெண்ணெய் மசகாகப் பயன்பட்டது. எதிர்த்திசையில் கலவையை இறுக்க வேண்டுமானால், பிரேசிலின் பனையினம் ஒன்றின் இலையிலிருந்து கிடைக்கும் கார்னோபா மெழுகைச் சிறிதளவு சேர்க்கிறார்கள். அதன் உருகுநிலை 80 டிகிரிக்கு மேல். மூன்றாம் வகைப் பொருள்கள் சோப்புகள்: சோடியம், கால்சியம், லித்தியம் ஆகிய உலோகங்களும் கொழுப்பு அமிலங்களும் சேர்ந்த உப்புகள். சோப்பின் நார்கள் பின்னிய வலைக்குள் எண்ணெய் தங்கி நின்று, அழுத்தம் வரும்போது மட்டும் கசிகிறது. வாகனங்களுக்கு இடும் கிரீஸின் வேதியியலும் இதுவே.

இவற்றுள் மிகப் பரவலாக அறியப்பட்ட கலவை, அமெரிக்கத் தேசியத் துப்பாக்கிச் சங்கத்தின் ஈ. எச். ஹாரிசன் பரிசோதித்துப் பரப்பியது: தேன்மெழுகு ஒரு பங்கு, அலாக்ஸ் 2138எஃப் என்ற பொருள் ஒரு பங்கு. அலாக்ஸ் என்பது ஆக்சிஜனேற்றம் செய்யப்பட்ட பெட்ரோலியப் பொருளின் கால்சியம் சோப்பு. எஃகில் துருவேறாமல் காக்கும் பூச்சுகளில் பயன்படுவது. உலோகத்தை விடாது பற்றுகிற அதே குணமே அதைக் குண்டு மசகாகவும் ஆக்கியது. துப்பாக்கிக்கென்று பிறக்காத பொருள் ஒன்று அங்கே தன் சிறந்த இடத்தைக் கண்டது என்பது வேதியியலில் அடிக்கடி நிகழும், எண்ணிப் பார்க்க இனிய செய்தி.

அரைத்தானியங்கிக் கைத்துப்பாக்கியில்தான் கலவையைச் சீர்செய்யும் வேலை நுட்பமாகிறது. ரிவால்வரில் ஒவ்வொரு தோட்டாவும் தன் அறையில் அசையாமல் கிடக்கும். குண்டு அறையிலிருந்து குழலுக்குள் நேராகத் தாவும். அரைத்தானியங்கியிலோ ஒவ்வொரு வெடிப்பின் விசையாலும் மேலுள்ள ஸ்லைடு பின்னே சென்று, காலிக் கூட்டை வெளியே எறிந்து, திரும்பி வரும்போது மேகசினிலிருந்து அடுத்த தோட்டாவை உருவிச் சரிவான எஃகுப் பரப்பின் மீது ஏற்றிக் குழலின் தோட்டா அறைக்குள் திணிக்கிறது. இவ்வளவும் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் நடந்தாக வேண்டும். குண்டின் மேற்பரப்பில் பசையுள்ள மசகு இருந்தால், அந்தச் சரிவில் அது தேய்ந்து படிந்து, வெடிமருந்தின் கரித்துகளைப் பிடித்து வைத்து, நாளடைவில் அடுத்த தோட்டா ஏறுவதைத் தாமதப்படுத்தும். 9 மில்லிமீட்டர், பாயிண்ட் 45 ஆகிய இரு வகைகளிலும் தோட்டா எவ்வளவு உள்ளே செல்ல வேண்டும் என்பதைப் பித்தளைக் கூட்டின் வாய் விளிம்பே தீர்மானிக்கிறது. அந்த விளிம்பில் மசகோ ஈயச் சீவலோ சேர்ந்துவிட்டால், தோட்டா முழுவதும் இறங்காமல் ஸ்லைடு திறந்தபடியே நின்றுவிடும். குண்டைக் கூட்டுக்குள் அழுத்திப் பொருத்தும் அச்சின் உள்ளேயும் மசகு சேர்ந்துகொண்டே வருவதால், பொருத்தும் ஆழம் மெல்ல மெல்லக் கூடிவிடும். சிறிய கூடுகளில் ஆழம் மிகுந்தால் வெடிமருந்துக்கான இடம் குறைந்து அழுத்தம் அபாய அளவுக்கு உயரும் என்பதால், இது வெறும் அழுக்குப் பிரச்சினையன்று.

ஆகவே இங்கே மசகு ஒன்றுக்கொன்று முரணான கோரிக்கைகளை நிறைவேற்ற வேண்டியிருக்கிறது. கையில் ஒட்டாத வறட்சி வேண்டும். ஆனால் பள்ளத்திலிருந்து துண்டு துண்டாக உதிரக் கூடாது. அலமாரியிலும் கார்ப் பெட்டியிலும் இளகக் கூடாது. ஆனால் குழலுக்குள் முதல் சென்டிமீட்டரிலேயே கசிந்து பரவ வேண்டும். இது இயலும் என்பதற்குக் காரணம், சோப்புகளும் மெழுகுகளும் சாதாரணத் திரவங்களைப் போல நடந்துகொள்ளாதது: அசைக்காதபோது திடமாக நிற்கும் இவை, பலமாகச் சறுக்கப்படும்போது மட்டும் மெலிந்து ஓடுகின்றன. விசையின் வேகத்தைப் பொறுத்து இளகும் இந்தக் குணத்தை வெப்பத்தால் வரும் இளக்கத்திலிருந்து பிரித்து, முதலாவதைக் கூட்டி இரண்டாவதைக் குறைப்பதே மசகைச் சீர்செய்பவரின் உண்மையான வேலை. பெட்ரோலியம் ஜெல்லியோ எண்ணெயோ சேர்த்து இளக்கினால் இரண்டும் சேர்ந்தே கூடிவிடும். லித்தியம் சோப்புக் கிரீஸைச் சிறிது சேர்த்தால், உருகும் வெப்பநிலை பெரிதும் தாழாமலே ஓடும் குணம் வரும். பசை மிகுந்தால் கார்னோபாவைக் கூட்டுவதும், நொறுங்கினால் நுண்படிக மெழுகு அல்லது லானோலின் சேர்ப்பதும் வழக்கம். இரண்டையும் ஒரே தடவையில் மாற்றினால் எது எதைச் செய்தது என்று அறிய வழியில்லாமல் போகும். கிராஃபைட், மாலிப்டினம் டைசல்பைடு முதலிய திண்மத் தூள்களைச் சிலர் சேர்க்கிறார்கள். உருகிய கலவையில் அவை அடியில் தங்கிவிடுவதோடு துப்பாக்கியின் உட்பகுதியை மேலும் கருக்குகின்றன. கைத்துப்பாக்கி வேகங்களுக்கு அவை தேவையற்றவை.

இடத்துக்கு இடம் வேறுபடும் வெப்பநிலையும் இங்கே புறக்கணிக்கத்தக்கதன்று. அரிசோனாவின் பீனிக்ஸ் நகரில் 1990-இல் வெப்பம் 50 டிகிரியைத் தொட்டது; அத்தகைய நாளில் வெயிலில் பூட்டி நிற்கும் காருக்குள் வெப்பநிலை தேன்மெழுகின் உருகுநிலையை நெருங்கும். எண்ணெய் மிகுந்த கலவை அங்கே கூட்டுக்குள் வழிந்து வெடிமருந்தை நனைத்துப் பயனற்றதாக்கிவிடும். வட டகோட்டாவின் குளிர்காலத்திலோ, அதே அரிசோனாவுக்காக இறுக்கிய கலவை முதல் சில குண்டுகளில் இளகவே மறுத்து, அவற்றை இலக்கிலிருந்து விலகச் செய்யும். எல்லாப் பருவத்துக்கும் ஏற்ற ஒரே கலவை என்ற விளம்பரத்தை நம்பாதிருப்பது நல்லது.

இவ்வளவு வேதியியலுக்குப் பிறகும் அழுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு: ஈயப் படிவுக்கு மசகைக் குறை சொல்வோரில் பெரும்பாலோர் தவறான குற்றவாளியைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். குண்டின் விட்டமே முதற் காரணம். 9 மில்லிமீட்டர் குழலின் பள்ளங்களுக்கு இடைப்பட்ட விட்டம் பெயரளவில் 9.02 மில்லிமீட்டர்; வார்ப்புக் குண்டு அதைவிட 0.025 முதல் 0.075 மில்லிமீட்டர் வரை பெரியதாக இருந்தால்தான் இடைவெளியின்றி அடைக்கும். அப்படிப் பெரிதாக வார்த்தும் பலருக்குப் படிவு நிற்பதில்லை; ஏனெனில் இத்தோட்டாவின் பித்தளைக் கூடு அடி நோக்கித் தடித்துச் செல்வதால், ஆழமாகப் பொருத்தப்படும் ஈயக் குண்டின் அடிப்பகுதியை அது நசுக்கிச் சிறிதாக்கிவிடுகிறது. வெளியில் அளந்த விட்டம் சரியாகவே இருக்கும். உள்ளே அடைபட்ட அடிப்பகுதியின் விட்டம் தவறாக இருக்கும். பொருத்திய குண்டைத் திரும்பப் பிடுங்கி அளந்து பார்ப்பதே இதைக் கண்டறியும் ஒரே வழி.

படிவு குழலில் எங்கே இருக்கிறது என்பதும் ஒரு சாட்சியே. தோட்டா அறையை ஒட்டிய தொடக்கப் பகுதியிலேயே ஈயம் தெரிந்தால், குண்டு சிறியது, வாயு பீறிடுகிறது என்று பொருள். தொடக்கத்தில் சுத்தமாக இருந்து வாய்ப்புறத்தில் மட்டும் படிந்திருந்தால், மசகு பாதி வழியிலேயே தீர்ந்துவிட்டது என்று பொருள். அப்போதுதான் கலவையை மாற்றுவதில் பயன் உண்டு. கைத்துப்பாக்கிக் குழல் பன்னிரண்டு சென்டிமீட்டர் அளவே நீளமுடையது என்பதால் இரண்டாம் நிலை அரிதாகவே நேரும்.

கடினத்தன்மையைப் பற்றியும் இதே போன்ற குழப்பம் நிலவுகிறது. சுவீடனின் பிரினெல் 1900-இல் வகுத்த அளவீட்டில் தூய ஈயத்தின் கடினத்தன்மை ஏறத்தாழ 5. வெள்ளீயம் ஐந்து விழுக்காடும் ஆண்டிமனி ஐந்து விழுக்காடுமாகச் சேர்த்த கலவையின் கடினத்தன்மை 15. லைனோடைப் உலோகம் 22 அளவு. அழுத்தத்தால் குண்டின் அடி விரிந்து குழலை அடைக்க வேண்டுமானால், பிரினெல் எண்ணை 1,422-ஆல் பெருக்கிக் கிடைக்கும் அழுத்தம், சதுர அங்குலத்துக்குப் பவுண்டு கணக்கில், தேவை என்று ஒரு விதி வார்ப்போரிடையே வழங்குகிறது. அந்த 1,422 என்பது இயற்கையின் மாறிலி அன்று. பிரினெல் எண்ணின் அலகான சதுர மில்லிமீட்டருக்குக் கிலோகிராம் என்பதைப் பவுண்டு கணக்குக்கு மாற்றும் பெருக்கெண் மட்டுமே. ஓர் உலோகத்தின் பதிவுக் கடினத்தன்மை அதன் நெகிழ்வு வலிமையைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு என்று டேபர் காட்டியிருக்கிறார்; ஆகவே குண்டு வளையத் தொடங்கும் அழுத்தம் இந்த விதி சொல்வதைவிடக் குறைவாகவே இருக்க வேண்டும். விதியின்படி 15 பிரினெல் குண்டுக்கு 21,330 வேண்டும். பாயிண்ட் 45 தோட்டாவின் உச்ச அழுத்த வரம்போ 21,000. அதே குண்டு அந்தத் துப்பாக்கியில் இதமாக வேலை செய்வதை ஆயிரக்கணக்கானோர் கண்டிருக்கிறார்கள். கடினமான குண்டே நல்ல குண்டு என்ற வணிக விளம்பரத்தால் மிகக் கடினமான கலவையை வாங்கி, அது விரியாமல் வாயுவை விடுவதால் வரும் படிவைப் போக்க மேலும் மேலும் மசகு பூசுவது வீண் முயற்சி.

குழலின் வடிவமும் கவனிக்கத்தக்கது. க்ளாக் நிறுவனம் தன் பல துப்பாக்கிகளில் கூரிய விளிம்புள்ள பள்ளங்களுக்குப் பதிலாக மழுங்கிய பல்கோணச் சுருளை அமைத்தது. உறையற்ற ஈயக் குண்டுகளை அவற்றில் பயன்படுத்தக் கூடாது என்றும் தன் கையேட்டில் எச்சரிக்கிறது. தோட்டா அறைக்கு முன்னால் ஈயம் சேர்ந்து அழுத்தம் உயரக்கூடும் என்பதே அச்சத்தின் காரணம். எந்த மசகும் அந்த எச்சரிக்கையை மீறுவதற்கான அனுமதியாகாது.

கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வந்த மாற்றம் மசகையே தேவையற்றதாக்கும் திசையில் செல்கிறது. மிதிவண்டிச் சட்டங்களுக்கும் இரும்பு நாற்காலிகளுக்கும் அடிக்கும் பாலியெஸ்டர் தூள் வண்ணத்தை வார்ப்புக் குண்டுகளோடு குலுக்கி ஒட்டவைத்து, 200 டிகிரி அளவில் அடுப்பில் சுட்டால், ஈயத்தைச் சுற்றிக் கெட்டியான நெகிழித் தோல் உருவாகிறது. அது கையில் ஒட்டாது, வெயிலில் இளகாது, சரிவில் தேயாது, சுடும்போது மெழுகுப் புகையும் எழுவதில்லை. ஈயம் குழலைத் தொடுவதும் கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது. அரைத்தானியங்கிக் கைத்துப்பாக்கியைப் பொறுத்தவரை, மெழுகு மசகின் முரண்பட்ட கோரிக்கைகள் அனைத்துக்கும் இதுவே தெளிவான விடை. கரிமருந்துத் துப்பாக்கிகளில் மட்டும் தேன்மெழுகும் கொழுப்பும் மாற்றில்லாமல் நீடிக்கின்றன. அங்கே கரியை இளக்கும் வேலையை நெகிழித் தோலால் செய்ய இயலாது.

எனினும் ஈயம் ஈயமே. ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பூச்சு எதுவாயினும், பெரும்பாலான தோட்டாக்களில் வெடிமருந்தைப் பற்றவைக்கும் பிரைமரில் உள்ள ஈய ஸ்டிஃப்னேட் ஒவ்வொரு வெடிப்பிலும் நுண்துகளாகக் காற்றில் கலக்கிறது. உருக்குபவரின் கையிலும் உடையிலும் தூசி வீட்டுக்குள் வந்து குழந்தைகளின் உடலில் சேர்கிறது. இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம். எனவே தமிழ்நாட்டு வாசகருக்கு இது படித்தறியும் அறிவியல் மட்டுமே. ஆனால் மின்கலப் பழுதுபார்ப்பிலோ மீன்பிடி வலைக்கு ஈயக் குண்டு வார்ப்பதிலோ ஈயத்தை உருக்குபவர்கள் இங்கும் பலர் உண்டு. அவர்கள் காற்றோட்டமுள்ள திறந்த இடத்தில் மட்டும் உருக்க வேண்டும். வேலை முடிந்ததும் உண்பதற்கு முன் கையைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். வேலைக்கு உடுத்திய ஆடையை வீட்டாரின் துணிகளோடு சேர்க்காமல் தனியே துவைக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறையேனும் இரத்தத்தில் ஈயத்தின் அளவைச் சோதித்துக்கொள்ள வேண்டும்.